மாயை பொய்யோ? ஒரு கிழமைப் பாடம்

சிவமயம்

நம்மவர் நாவிலே மிக எளிதாக வழங்குஞ் சொற்களுள் "எல்லாம் மாயை" என்பது ஒன்று. பொருளை இழந்தவன் அதனைச் சொல்லித் தேறுகின்றான். கடனை இறுக்க வேண்டியவன் அதனைச் சொல்லித் தப்புகின்றான். இழவு வீட்டிற்குச் சென்றவர் வேறு சொல் அகப்படாதபோது அதனையே சொல்லி எழுந்து வருகின்றார். சொல்லுவார்க்கு அது ஞானம் போலவும், கேட்பார்க்கு அது ஆறுதல் போலவுந் தோன்றுகின்றது. ஆயினும், அச்சொல்லை நம் சமய நூல்கள் எப்பொருளில் ஆண்டன என்று ஆராய்வார் மிகச் சிலர்.

மிசன் பாடசாலைகளிற் பயின்ற எம்போல்வார் இளமையிற் பலகாற் கேட்ட வினா ஒன்றுண்டு. "உலகம் பொய்யென்பது உங்கள் சமயமாயின், பொய்யான நோயாளிக்கு மருத்துவசாலை எதற்கு? பொய்யான பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு?" என்பதே அது. அவ்வினாவின் முன் நாணி நிற்றலும், வினாவினாரைச் சினந்து பேசுதலும் சைவப் பிள்ளைகளுக்கு அழகல்ல. விடை நம் சாத்திரங்களிலேயே உண்டு. அவ்விடையை முன்னர் அறிந்து, பின்னர் ஏழு நாளும் வாழ்க்கையிலே பழகிப் பார்த்தற்பொருட்டு இப்பாடம் வகுக்கப்படுகின்றது.

1. சொல்லும் பொருளும்

மாயை என்னுஞ் சொல் உலக வழக்கிலே மூன்று பொருள்பட வழங்கும். இல்லாததை உள்ளதாகக் காட்டுஞ் சூது ஒன்று, காட்சியிலே நேரும் மயக்கம் ஒன்று, நிலையாமை ஒன்று. கண்கட்டு வித்தைக்காரன் செய்வதை மாயை என்கின்றோம். கானலை நீரெனக் காண்பதையும் மாயை என்கின்றோம். நேற்றிருந்த செல்வம் இன்று இல்லையாயின் அதனையும் அப்பெயராலேயே சுட்டுகின்றோம். இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்தமையாலே குழப்பம் விளைந்தது. நிலையில்லாதது பொய்யாதல் வேண்டும் என்னும் நியதி யாண்டும் இல்லை. காலையில் மலர்ந்து மாலையிற் குவியும் தாமரை நிலையில்லாதது. ஆயினும் அது பொய்ப்பூ அன்று.

சங்கராசாரியர் வழிவந்த ஏகான்மவாதிகள், பிரமம் ஒன்றே மெய்யென்றும், உலகம் உள்ளதென்றாவது இல்லதென்றாவது சொல்லவாராத அநிர்வசனம் என்றும், கயிற்றிலே அரவு தோன்றுமாறுபோலப் பிரமத்திலே உலகந் தோன்றுகின்றது என்றுங் கூறுவர். அவர்தாமும் நடைமுறை வாழ்விலே உலகிற்கு விவகார சத்தியம் உண்டென்பதை ஒப்புவர். பசித்தவன் முன்னிலையிற் சோறு பொய்யென்று அவருள் எவருங் கூறிற்றிலர். ஆதலின், "எல்லாம் மாயை" என்று கடமையை உதறுவோன் வேதாந்தியும் அல்லன், சித்தாந்தியும் அல்லன் என்று அறிக.

சைவசித்தாந்தத்தின் துணிபு வேறு. மெய்கண்டதேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலே அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் ஆயது. அதன் முதற்சூத்திரமே உலகம் உள்பொருள் என்பதையும், அதற்கு ஒரு கருத்தா உண்டென்பதையும் ஒருங்கே நிறுவுகின்றது. உலகம் தோன்றும், நிற்கும், ஒடுங்கும். ஒடுங்கிய இடத்திலிருந்தே மீளத் தோன்றும். இல்லது ஒருபோதுந் தோன்றாது. உள்ளது முற்றாக அழியாது. இதனைச் சற்காரியவாதம் என்பர். எள்ளிலே எண்ணெய் உண்டு, ஆதலாற் செக்கிலிட்டால் வருகின்றது. மணலில் இல்லை, ஆதலால் எத்துணைக்காலம் ஆட்டினும் வாராது. அவ்வாறே உலகமெல்லாம் நுண்மையாய் ஒடுங்கியிருந்து, பின் பருமையாய் வெளிப்படுதற்கு இடமாயுள்ள முதற்காரணப் பொருளே மாயை எனப்படும். குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். அங்ஙனமே உலகிற்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணன். மண் பொய்யாயிற் குடம் ஏது? நீர் முகந்தது எதனால்?

உமாபதிசிவாசாரியர் கி.பி. 1313ஆம் ஆண்டிற்கு ஒத்த சக ஆண்டு 1235இலே இயற்றிய சங்கற்பநிராகரணத்தில், மறுக்கவேண்டிய மதங்களுள் முதற்கண் மாயாவாதத்தையே எடுத்துக்கொண்டார். உலகம் பொய்யென்னுங் கொள்கையை நம் ஆசிரியர்கள் எத்துணை முதன்மையாகக் கருதி ஆராய்ந்தனர் என்பது இதனால் விளங்கும்.

2. மாயை செய்யும் உதவி

மாயை சுத்தமாயை, அசுத்தமாயை, பிரகிருதிமாயை என மூவகைப்படும். இவற்றிலிருந்து 36 தத்துவங்கள் தோன்றும். சிவதத்துவம் 5, வித்தியாதத்துவம் 7, ஆன்மதத்துவம் 24 ஆகும். பூதம் ஐந்து, தன்மாத்திரை ஐந்து, ஞானேந்திரியம் ஐந்து, கன்மேந்திரியம் ஐந்து, அந்தக்கரணம் நான்கு என ஆன்மதத்துவங்களை எண்ணிக்கொள்க. இவ்வெண்ணிக்கையைப் பிள்ளைகள் மனனஞ் செய்கின்றார்கள். அதன் பயனையோ பெரியோருட் பலரும் நினைத்திலர்.

வித்தியாதத்துவங்களுள் கலை, வித்தை, அராகம் என மூன்றுண்டு. ஆணவத்தால் மூடுண்டு கிடக்கும் உயிருக்குக் கலை சிறிது செயலாற்றலைத் தருகின்றது. வித்தை சிறிது அறிவாற்றலைத் தருகின்றது. அராகம் சிறிது விருப்பத்தைத் தருகின்றது. மாயை இவற்றைத் தாராதாயின் உயிர் ஒன்றையும் அறியாது, ஒன்றையும் விரும்பாது, ஒன்றையுஞ் செய்யாது, இருட்டறையிலே கிடக்கும் குருடன்போலக் கிடக்கும். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையின் கொடையே. உடம்பும், உள்ளமும், உறையும் உலகமும், நுகரும் பொருளும் இறைவன் திருவருளால் உயிருக்கு இரவலாகக் கிடைத்தன.

அற்றேல், மாயையை மலம் என்று நூல்கள் கூறுவது என்னை எனின், கூறுதும். வெளுப்பவன் அழுக்குத் துணியை வெளுக்கும்போது சாணமும் உவர்மண்ணும் இடுகின்றான். அவையும் அழுக்கே. ஆயினும் அவ்வழுக்கினாலே முன்னை அழுக்கு நீங்குகின்றது; முடிவிலே இரண்டும் நீரோடு போகின்றன. சித்தியார் இவ்வுவமையால் இதனை விளக்கும். மாயை துணியிலே தங்கிவிடுமாயின் மலம். தன் தொழிலைச் செய்து நீங்குமாயின் மருந்து.

3. மயக்கம் எங்கே உள்ளது?

அங்ஙனமாயின் உலகிலே மயக்கம் என்பதே இல்லையோ எனின், உண்டு. அது பொருளில் இல்லை; பொருளைத் தன் விருப்பிற்கும் அச்சத்திற்கும் ஏற்பத் திரித்துக்கொள்ளும் நம் அறிவில் உண்டு. செம்பிலே களிம்பு உடன்பிறந்தாற்போல உயிரிலே ஆணவம் அநாதியே உடனுள்ளது. "யான்", "எனது" என்னும் செருக்கு அதன் காரியம். இதற்குச் சான்று தேடித் தொலைதூரஞ் செல்லவேண்டா. நம் வாவியே சான்று.

மட்டக்களப்பை மீன்பாடுந் தேனாடு என்று உலகம் போற்றும். அமைதியான நிலாக்கால இரவிலே, கல்லடிப் பாலத்தின் அருகில், தோணியிலிருந்து துடுப்பின் ஒருமுனையை நீரிலும் மறுமுனையைச் செவியிலும் வைத்துக் கேட்டோர் ஓர் இன்னிசையைக் கேட்டனர். 1848இல் இங்கு வந்த எமர்சன் தெனன்ற் துரை தாமும் அதனைக் கேட்டு, 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய தம் நூலிலே எழுதினார். அவ்வொலிக்குக் காரணம் மீன் அன்று, ஊரி என்னுஞ் சிப்பியினமே என்பது அவர் கேட்டறிந்த செய்தி. பின்னர் 1950களிலே அருட்டந்தை லாங் என்னும் அமெரிக்க இயேசுசபைக் குரவர் அவ்வொலியைப் பதிவுசெய்ய, அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. மீனோ, ஊரியோ என்னும் வழக்கு இன்றுந் தொடர்கின்றது.

இங்கே கவனிக்கத்தக்கது யாது? ஒலி மெய். கேட்ட செவி மெய். வாவி மெய். "மீன் பாடிற்று" என்ற துணிபிலேதான் ஐயத்திற்கு இடமுண்டு. பாடியது மீன் அன்றெனத் தெளிந்தால், ஒலியே இல்லை என்பது பெறப்படுமா? படாது. அவ்வாறே நாம் உலகைப்பற்றிக் கொண்ட துணிபு பிழையாயின், திருத்தப்பட வேண்டியது நம் துணிபேயன்றி, மறுக்கப்பட வேண்டியது உலகம் அன்று. இவ்வொன்றை மனத்திற் பதித்துக்கொண்டு கிழமைப் பயிற்சியிற் புகுவோமாக.

4. ஏழு நாட் பயிற்சி

ஞாயிறு: சூரியோதயம்

வாவியின் கீழ்ப்புறத்தை எழுவான்கரை என்றும், மேற்புறத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். சூரியன் எழுங் கரை ஒன்று, படுங் கரை மற்றொன்று. இனி, சூரியன் எழுவதுமில்லை, படுவதுமில்லை. பூமியே சுழல்கின்றது என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். நம் ஊர் இருக்கும் இடத்திலே அச்சுழற்சியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 1,650 கிலோமீட்டர். கி.பி. 499இலே ஆரியபடர் இவ்வுண்மையைக் கூறி, செல்லும் ஓடத்தில் இருப்பவனுக்குக் கரையிலுள்ள மரங்கள் பின்னோக்கி ஓடுவனபோலத் தோன்றுவதை உவமையாகக் காட்டினார். குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குத் தோணியிற் கடந்தவர் எவரும் இவ்வுவமையைக் கண்ணாற் கண்டவரே.

சூரியன் எழுகின்றது என்பது தோற்றம். எனினும் விடியல் மெய். அதை நம்பி வயலுக்குச் சென்ற உழவன் ஏமாற்றப்பட்டிலன். இன்று சூரியோதயத்திற்கு முன் எழுந்து நீராடித் திருநீறணிந்து கிழக்கு நோக்கி நின்று, தோன்றும் ஒளியையும், அதனை உண்டாக்கும் பூமியின் சுழற்சியையும் ஒருங்கே சிந்திக்க. சிவஞானபோத முதற்சூத்திரத்தைப் பொழிப்புரையுடன் ஒருமுறை படிக்க.

திங்கள்: நிலவும் நீரும்

வாவியிலே ஊன்றிய கோல் நீர்மட்டத்தில் முறிந்ததுபோலத் தோன்றும். ஒளி நீரிலிருந்து காற்றிற் புகும்போது வளைதலே இதற்குக் காரணம் என்று பள்ளியிற் கற்கின்றோம். அக்காரணத்தாலேயே நீருள் நிற்கும் மீனும் தான் நிற்கும் இடத்திலிருந்து சற்று மேலே நிற்பதாகத் தோன்றும். மீனைக் குத்துங் கைதேர்ந்தவன் அது தோன்றும் இடத்திற் குத்தான். சற்றுக் கீழே குத்துவான். பௌதிகங் கல்லாத அவன் கண்ணுக்கும் கற்ற ஆசிரியர் கண்ணுக்குந் தோற்றம் ஒன்றே. வேற்றுமை யாதெனின், அவன் தோற்றத்தைக் கண்டும் அதனால் ஏமாறாமையேயாம். ஞானியின் நிலையும் இத்தகையது. ஞானிக்கு உலகம் மறைந்துபோவதில்லை. உலகினால் அவன் மயங்குவதில்லை.

சித்தியார் அளவையியலிலே ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்பன பேசப்படுகின்றன. இருளிலே நிற்பது கட்டையோ மனிதனோ என்று தடுமாறுதல் ஐயம்; கயிற்றைப் பாம்பென்றே துணிதல் திரிவு. இன்று அப்பகுதியைப் படிக்க. அடிவானத்திலே எழும் பூரணைச் சந்திரன் பேருருவாகத் தோன்றும். கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மறைத்துப் பார்க்க. உச்சிக்கு வந்தபின்னும் அவ்வாறே பார்க்க. அளவு மாறாமை விளங்கும். இக்கிழமை பூரணை வாராதாயின், வரும் பூரணை விடுமுறை நாளிலே பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று காட்டுக. மாலையிலே மாமாங்கேச்சுரத்திற்கேனும் தத்தம் ஊர்ச் சிவாலயத்திற்கேனுஞ் சென்று வழிபடுக.

செவ்வாய்: மயன் அமைத்த மண்டபம்

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்திலே 18 நாள் பாரத விழா நிகழ்ந்து தீமிதிப்புடன் நிறைவெய்தும். பாரதக் கதை நம் நாட்டிலே ஏட்டில் மாத்திரம் உள்ளதன்று, வீதியிலே நடப்பது. அக்கதையின் பெரும்போருக்கு வித்துக்களுள் ஒன்று ஒரு திரிவுக்காட்சி என்பதைச் சிந்தித்தோமா?

மயன் அமைத்த மண்டபத்திலே துரியோதனன் பளிங்குத்தரையை நீரென்று எண்ணி ஆடையைத் தூக்கினான். நீரைத் தரையென்று எண்ணி விழுந்தான். கண்டோர் நகைத்தனர். தரையும் மெய், நீரும் மெய். கண் தடுமாறியது சிறு பிழை, எவர்க்கும் நேர்வது. எழுந்து தானும் நகைத்திருந்தானாயின் அன்றே முடிந்திருக்கும். "என்னை நகைத்தனர்" என்னும் ஆணவம் அச்சிறு பிழையைப் பற்றிக்கொண்டது. சூதும், துகிலுரிதலும், வனவாசமும், குருட்சேத்திரமும் தொடர்ந்தன. கண்ணின் மயக்கத்திலும் மானத்தின் மயக்கம் பெரிதென்பது இதனாற் போதரும்.

இன்று சபாபருவத்தில் இப்பகுதியைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுக. எவரேனும் நம்மை இகழ்ந்தார் என்று நெடுங்காலம் பேசாதிருக்கின்றோமாயின், அவ்விகழ்ச்சி நிகழ்ந்ததோ, நாம் நிகழ்ந்ததாகக் கொண்டதோ என்று ஒருமுறை ஆராய்ந்து, முதற்சொல்லை நாமே பேசுக.

புதன்: கேட்ட செய்தி

நம் காலத்துத் திரிவுக்காட்சி கைப்பேசியிலே வருகின்றது. எழுத்தும் படமும் குரலும் பொய்யாகச் சமைக்கப்படுங் காலம் இது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரிலே முஸ்லிம் ஒருவரின் உணவுச்சாலையில், உணவிற் காணப்பட்ட ஒரு சிறு கட்டியை மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை என்று ஒருவர் கூற, அச்சொல் பரவிற்று. அவ்வுணவுச்சாலையும் பள்ளிவாசலுந் தாக்கப்பட்டன. பின்னர் அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வு அக்கட்டி மாவுப்பொருளே என்று காட்டிற்று. கயிறு பாம்பாயிற்று, பாம்பென்று கேட்டோர் தீயோடு ஓடினர். இஃது அயலாருக்கு நேர்ந்தது என்று நாம் வாளாவிருத்தல் தகாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வரம்பு தொட்டு வாழும் இந்நாட்டிலே, ஒரு பொய்ச்செய்தியின் விலையை எல்லோரும் இறுக்கவேண்டி வரும்.

சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளை வற்புறுத்தும். இன்று கைப்பேசியில் வருஞ் செய்தி ஒவ்வொன்றையும் பிறர்க்கு அனுப்புமுன் இம்மூன்று வினாவையுந் தன்னையே வினாவுக. நான் நேரே கண்டேனா? கண்டதொன்றிலிருந்து முறையாகக் கருதியறிந்தேனா? பொய்கூறாத ஆத்தரின் உரையா? மூன்றும் இல்லையாயின் அனுப்பாதொழிக. இதுவும் ஒரு நோன்பே.

வியாழன்: ஆசிரியரை நினைத்தல்

வாவியின் தென்பாலுள்ள காரைதீவிலே 1892இற் பிறந்த மயில்வாகனனார், மிசன் பாடசாலைகளிற் கற்று, 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் தேர்விலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத் தேர்விலுந் தேறினார். பின்னர் இராமகிருஷ்ண சங்கத்திலே துறவுபூண்டு விபுலாநந்த அடிகளாயினார். வேதாந்தச் சார்புடைய சங்கத்தைச் சேர்ந்த அப்பெரியார் உலகம் மாயையென்று குகையிற் புகுந்திலர். 1929இல் கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற்றமிழ்ப் பேராசிரியரானார். மறைந்துபோன யாழின் நரம்புகளைக் கணிதத்தால் அளந்து யாழ்நூலை யாத்து, 1947இல் அதனை அரங்கேற்றிய சில கிழமைகளிற் சிவபதமெய்தினார். நம் வாவியின் இசையையும் அவர் "நீரர மகளிர்" என்னும் பெயராற் பாடினார்.

ஒலி வெறுந் தோற்றமென்று எண்ணியவராயின் அதன் அளவைக் கணிப்பதிலே பல்லாண்டு செலவிட்டிரார். ஏழைப்பிள்ளை வெறுந் தோற்றமாயின் அதற்கு ஏடு வாங்கியிரார். நாம் மேலே காட்டிய மிசன் பாடசாலை வினாவிற்கு அவர் வாழ்க்கையே விடையாயிற்று. இன்று ஒருமணி நேரம் கைம்மாறு கருதாது அயலிலுள்ள ஒரு பிள்ளைக்குப் பாடஞ் சொல்லிக்கொடுக்க. இயலாதவர் ஒரு பிள்ளைக்கு ஒரு கொப்பியேனும் வாங்கிக் கொடுக்க.

வெள்ளி: விளக்கேற்றல்

இப்பாடத்தின் நடுநாயகமான உவமை இந்நாளுக்கு உரியது. உமாபதிசிவம் அருளிய திருவருட்பயன் பத்து அதிகாரத்தால் 100 குறட்பா உடையது. அதன் மூன்றாம் அதிகாரம் இருண்மலநிலை. ஆணவமாகிய இருளைக் கூறிவந்த ஆசிரியர், அவ்வதிகார முடிவிலே, மாயை தரும் உடம்பு முதலியவற்றை விடியுமளவும் ஏற்றிவைத்த விளக்கிற்கு ஒப்பிட்டார்.

இவ்வுவமையை நன்கு உன்னுக. விளக்கு சூரியன் ஆகாது. அதன் ஒளி சிறிய வட்டத்தையே காட்டும், காற்றில் நடுங்கும், நிழலையும் உண்டாக்கும். அந்நிழலைப் பேயென்று அஞ்சுவாரும் உண்டு. இவை விளக்கின் குறைகள். எனினும் நள்ளிரவிலே, "இது சூரியன் அன்று" என்று விளக்கை ஊதியணைப்பவன் அறிவுடையவன் ஆவனோ? ஆகான். விடிந்தபின்னும், "இரவெல்லாம் உதவிற்று" என்று நண்பகலிலே விளக்கைத் தூக்கித் திரிபவனும் அறிவுடையவன் ஆகான். உலகை வெறுத்து உடம்பைக் கெடுப்போன் முன்னவன். உலகே முடிந்த பொருளென்று பற்றிக் கிடப்போன் பின்னவன். சைவம் இவ்விருவருக்கும் இடையே நடக்கின்றது. விளக்கிற்குத் திரியிட்டு, எண்ணெய் வார்த்து, அதன் ஒளியிலே தன் கடமையைச் செய்துகொண்டு, கிழக்கைப் பார்த்திருப்பவனே சித்தாந்தி.

இன்று அந்தியிலே வீட்டார் அனைவரும் ஒருங்கிருந்து விளக்கேற்றுக. அவ்வேளை மின்விளக்கையும் கைப்பேசியையும் கால்மணி நேரம் நிறுத்துக. திருமுறையில் ஒரு பதிகம் ஓதி, திருவைந்தெழுத்தைச் சிந்தித்து, இவ்வுவமையைப் பிள்ளைகளுக்கு விளக்குக.

சனி: வேடமுந் துயரும்

நம் நாட்டு வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் விடியுமளவும் நிகழ்வன. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுசென்று புத்துயிர் கொடுத்தமை பலரும் அறிந்தது. வட்டக்களரியிலே தருமன் வேடந் தாங்கியவன் அவ்விரவிலே நாட்டை இழந்து அழுகின்றான். முடியும் உடுப்பும் சதங்கையும் மெய்ப்பொருள்களே; அண்ணாவியார் கற்பித்த தாளமும் மெய்யே. வேடம் பொய்யன்று, வேடமே தானென்று எண்ணுதல் பொய். விடிந்தபின் உடுப்பைக் கழற்றி அவன் வயலுக்குச் செல்கின்றான். உயிரும் இங்ஙனமே ஓர் உடம்பை எடுத்து, கன்மத்திற்கு ஈடாக ஆடி, பின் கழற்றுகின்றது. கழற்றப்பட்ட உடம்பு தன் காரணத்தில் ஒடுங்கும், உயிர் அழிவதில்லை.

இது மெய்யான கொள்கை. ஆயினும் மெய்யான கொள்கையையும் காலமும் இடமும் அறியாது கூறுதல் கொடுமையாகும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையை அழித்தது. நாவலடியிலும் கல்லடியிலும் வீடுகள் இருந்த இடத்தில் மணலே எஞ்சிற்று. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரமுஞ் சாய்ந்தது. பிள்ளைகளை இழந்த தாய்மார் அக்கரையெங்கும் இருந்தனர். அத்தகைய ஒரு தாயின் முன்னிலையிலே சென்று, "எல்லாம் மாயை, அழாதே" என்பது சைவ உபதேசம் ஆகுமோ? ஆகாது. அவள் பெற்ற பிள்ளை மெய். அவள் கொடுத்த பால் மெய். பிள்ளையின்மீது அவள் வைத்த அன்பு, அன்பே வடிவாகிய இறைவனிடத்துச் செல்லும் வழியின் முதற்படி. அதனைப் பொய்யென்பவன் அவள் ஏறிநிற்கும் படியையே இடிக்கின்றான். அவளுக்கு உதவுவது, அருகிலிருந்து அவள் சொல்வதைக் கேட்டலும், அடுப்பு மூட்டுதலும், தண்ணீர் மொண்டு வைத்தலும், எஞ்சிய பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுதலுமேயாம். உயிர் அழிவதில்லை என்பதை அவளே வினாவும் நாளிலே மெல்லச் சொல்லலாம். அன்று அச்சொல் மருந்தாகும். அதற்குமுன் அது புண்ணிற் பட்ட உப்பாகும்.

இன்று துயருற்ற ஒரு வீட்டிற்குச் செல்லுக. ஆண்டு பல கழிந்த துயராயினும் ஆகுக. "எல்லாம் மாயை" என்னுஞ் சொல்லை வாயிலில் வைத்துவிட்டு உள்ளே செல்லுக.

5. தொகுப்புரை

மாயை பொய்யன்று, உலகிற்கு முதற்காரணமாகிய உள்பொருள். அது நிலைமாறுவது, ஆயினும் இல்லாதது அன்று. மயக்கத்திற்கு மூலம் ஆணவம். மாயை அவ்விருளிலே உயிருக்கு வாய்த்த விளக்கு. ஆதலின் நோயாளி மெய், மருத்துவசாலையும் வேண்டும். பிள்ளை மெய், பள்ளிக்கூடமும் வேண்டும். கடன் மெய், இறுத்தல் வேண்டும். சைவசமயி இவற்றைச் செய்வது உலகைப் பற்றிக்கொள்ளுதற்கு அன்று. தந்தவன் கட்டளைப்படி இரவற்பொருளைப் பழுதுபடாமல் ஆண்டு, அவன் திருவடியிலே ஒப்புவித்தற்கே.

இப்பயிற்சியைத் தனியே செய்தலினும் வீட்டாரோடும் அயலாரோடுங் கூடிச் செய்தல் நன்று. முதியோர் எழுத்தறியாராயின் இளையோர் படித்துக்காட்டுக. வகுப்பாசிரியர்கள் பின்வரும் வினாக்களை மாணாக்கரிடம் வினாவி, அவர்தஞ் சொந்தச் சொல்லிலே விடை பெறுவார்களாக.

வினாக்கள்

(1) நிலையில்லாதது எல்லாம் பொய்யாகுமா? நும் ஊரிற் கண்ட ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

(2) குடத்திற்கும் உலகிற்கும் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணன் என்பவற்றை ஒப்பிட்டுக் கூறுக.

(3) மாயை மலமாயின் அஃது உயிருக்கு உதவுவது எங்ஙனம்? வெளுப்பவன் உவமையால் விளக்குக.

(4) வாவியிற் கேட்கும் இசையைப்பற்றிய வழக்கிலே மெய்யென ஐயமின்றித் துணியத்தக்கவை எவை? ஐயத்திற்கு உரியது எது?

(5) துரியோதனன் கண் செய்த பிழை யாது? அவன் ஆணவஞ் செய்த பிழை யாது?

(6) கைப்பேசியில் வந்த ஒரு செய்தியை மூன்று அளவைகளாலும் ஆராய்ந்து, கண்ட முடிபை எழுதுக.

(7) துயருற்றோரிடம் பேசத்தக்கது யாது, தகாதது யாது?

திருச்சிற்றம்பலம்